வியாழக்கிழமைப் பொய்

அத்தியாயம் 7

வீடியோவை மறுபடியும் ஓடவிட்ட அட்மிரல் திரையைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

திரையில் கடல். நடுவே கறுப்பாக ஒரு முதுகு எழுந்தது. பேட்டரி தீர்ந்து வேறு வழியில்லாமல் மேலே வந்த நம் நீர்மூழ்கி. கூப்பிடு தூரத்தில் பக்கத்து நாட்டின் போர்க்கப்பல் ஒன்று காத்து நின்றது. அதன் கைப்பிடிக் கம்பி ஓரம் முழுக்க மாலுமிகள். எல்லோரும் கை தட்டினார்கள். ஒருவன் போக்குவரத்துக் காவலர் மாதிரி கையை நீட்டி, இந்தப் பக்கம் போங்கள் என்று வழி காட்டினான்.

"சத்தத்தைக் குறைங்க சார்," என்றாள் ரேடியோ. "கைதட்டல் வராண்டா வரைக்கும் கேட்குது."

அட்மிரல் வீடியோவை நிறுத்தினார். அவருடைய காது மடல்கள் சிவந்திருந்தன.

எதிரே உட்கார்ந்திருந்தவரை ஊரில் 'இன்சூரன்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். பொய் சொல்லிக் காப்பீடு கேட்பவர்களைப் பிடிப்பது அவருடைய பழைய உத்தியோகம். அதை விட்டுவிட்டுத் துப்பறிய வந்த பிறகும் பெயர் விடவில்லை. தன் உதவியாளருக்கு 'ரேடியோ' என்ற பட்டத்தை வைத்தவரும் அவர்தான். வைத்த காரணத்தை யாரும் கேட்டதில்லை. அவள் பேச ஆரம்பித்தால் புரிந்துவிடும்.

"புரியற மாதிரி சொல்லுங்க," என்றார் இன்சூரன்ஸ். "இந்த ஒரு படகுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?"

"அவங்ககிட்ட பெரிய போர்க்கப்பல் நம்மைவிட மூணு மடங்கு. அவங்க ஏவுகணை நம்மளோடதைவிட தூரம் போகும். விமானமும் அதிகம். நேருக்கு நேர் நின்னா நாம அரை நாள் தாங்குவோம்." அட்மிரல் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆனா கடலுக்கு அடியில சத்தமே இல்லாம போற ஒரு படகு நம்மகிட்ட இருக்கு. அது எங்க இருக்குன்னு தெரியாத வரைக்கும் அவங்க அத்தனை கப்பலும் துறைமுகத்தை விட்டு வெளிய வர யோசிக்கும். தெரிஞ்சுட்டா, அது வெறும் இரும்பு."

"தெரிஞ்சுபோச்சு."

"மூணு தடவை. எந்தப் பக்கம் போனாலும் அவங்க ஹெலிகாப்டர் தலைக்கு மேல வந்து நிக்குது. யாரோ சொல்றாங்க. எங்க சோனார்காரரைப் பிடிச்சு வெச்சிருக்கோம்."

சோனார்காரர் என்றால் படகின் காது. கடலுக்கடியில் ஜன்னல் கிடையாது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வெளியே கேட்கும் சத்தத்தை வைத்தே எது மீன், எது கப்பல், எது எதிரி என்று சொல்கிறவர்.

"எதை வெச்சு பிடிச்சீங்க?"

"ஒரு போன் வந்தது. கரையில இருக்கற ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவர் காணாம போறார்னு. விசாரிச்சோம். எங்ககிட்ட பொண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கார். பொண்டாட்டிகிட்ட பயிற்சி இருக்குன்னு சொல்லியிருக்கார். ரெண்டும் பொய். எங்கதான் போனேன்னு கேட்டா தலையைக் குனிஞ்சுக்கறார்."

"படகு மறுபடி எப்ப போகுது?"

"நாளைக்கு விடியற்காலை. அவங்க கப்பல் எல்லாம் ஒத்திகைன்னு சொல்லிக்கிட்டு எல்லையில வந்து நிக்குது. போகாம இருக்க முடியாது." அட்மிரலின் குரல் தாழ்ந்தது. "ஐம்பது பேர். அந்த ஆள் யார்கிட்ட என்ன சொன்னார்னு தெரியாம அனுப்பினா, அவங்க காத்துக்கிட்டு இருப்பாங்க. இந்த முறை கை தட்ட மாட்டாங்க."

மாலைக்குள் பதில் வேண்டும். இன்சூரன்ஸ் எழுந்துகொண்டார்.



கடற்படைக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. கதவில் ஒட்டியிருந்த எதையோ யாரோ நகத்தால் சுரண்டி எடுத்திருந்தார்கள். பாதி எழுத்துகள் போகவில்லை. 'துரோ' மட்டும் மிச்சம்.

சோனார்காரரின் மனைவி கதவை ஒரு சாண் திறந்தாள்.

"யாரு?"

"உங்க வீட்டுக்காரர் விஷயமா வந்திருக்கோம்மா."

"எத்தனை பேர்தான் வருவீங்க? எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"எல்லாத்தையும் சொன்னவங்க கதவை முழுசா திறப்பாங்க அக்கா," என்றாள் ரேடியோ. "நான் தண்ணி மட்டும் குடிச்சுட்டுப் போறேன். மூணு மாடி ஏறியிருக்கேன்."

உள்ளே புழுக்கம். மின்விசிறி ஓடவில்லை. ரேடியோ சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே விளக்கு எரியவில்லை. குழாய்த் தண்ணீரைக் குடித்துவிட்டு முந்தானையை விசிறியபடி திரும்பி வந்தாள்.

"கரண்ட் இல்லையா?"

"இருக்கு." அவள் சுவரைப் பார்த்தாள். "அவருக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வந்தா முதல்ல ஃபேனை நிறுத்துவார். அப்புறம் ஃப்ரிட்ஜ். எத்தனை நாள் பால் கெட்டுப் போச்சு தெரியுமா? சண்டை போட்டிருக்கேன். இப்ப அவர் இல்லை. ஆனா எனக்குப் போடக் கை வரலை."

இன்சூரன்ஸ் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பின்பக்கம் பார்த்தார்.

"பேட்டரி இல்லை."

"அதையும் எடுத்துட்டார்."

"தீர்ந்துபோச்சா?"

"இல்லை. நல்லா ஓடிக்கிட்டு இருந்தது."

கடிகாரத்தை மாட்டிவிட்டு அவர் கேட்டார். "அந்த போன் பண்ணது நீங்கதானே?"

அவள் சோபாவின் நுனியில் உட்கார்ந்தாள். மறுக்கவில்லை.

"யாரோ ஒருத்தி இருக்கான்னு நினைச்சேன்," என்றாள். "கேட்டா பேச மாட்டேங்கறார். மேலதிகாரி கேட்டா பயந்து விட்டுடுவார்னு நினைச்சேன். என் பேரைக்கூடச் சொல்லாம, வியாழக்கிழமை மட்டும் எங்கயோ போறார், விசாரிங்கன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் ஜீப்ல வந்து நாலு பேர் கூட்டிட்டுப் போனாங்க. பக்கத்து வீட்டுக் குழந்தைங்க எல்லாம் பாத்துச்சுங்க."

"அவருக்குத் தெரியுமா?"

"நான் எப்படிச் சொல்லுவேன்?"

ரேடியோ கீழே தரையில், அவள் காலடியில் உட்கார்ந்தாள். "அக்கா, எங்க போவார்னு ஒரு தடவைகூடப் பின்னாடி போய்ப் பாக்கலையா? நானா இருந்தா டிரைவர் சீட்டுலயே ஏறி உட்கார்ந்திருப்பேன்."

"போனேன். அடுத்த ஊர் பஸ்ல ஏறினார். நான் ஏறலை." அவள் விரல்களை நெரித்தாள். "ஏறி எதைப் பாக்கப் போறோம்னு பயம்."



அதே பஸ்ஸில் இருவரும் ஏறினார்கள். கண்டக்டருக்குப் படத்தைக் காட்டியதும் தெரிந்துவிட்டது. மார்க்கெட் நிறுத்தத்தில் இறங்குபவர். இறங்கும்போது யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்ப்பவர்.

"துரோகியோ, சின்ன வீடோ, ரெண்டுக்கும் அதே முழிதான் சார்," என்றாள் ரேடியோ. "இதுல எது?"

"ஒரு மனுஷன் ஃபேனை நிறுத்தறான். ஃப்ரிட்ஜை நிறுத்தறான். கடிகாரத்தையும் நிறுத்தறான். ஏன்?"

"பொண்டாட்டியையும் நிறுத்தப் பாத்திருப்பான். சுவிட்ச் கிடைச்சிருக்காது."

"வீட்டுல இருக்கற எல்லாச் சத்தத்தையும் ஒவ்வொன்னா அணைச்சுட்டு, மிச்சம் எதாவது கேட்குதான்னு பாக்கறார். வெளியில எதுவும் இல்லைன்னா, அது எங்க இருக்கும்?"

ரேடியோ பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பஸ் நின்றது. எதிர்க் கட்டடத்தின் முதல் மாடியில் ஆள் உயரத்துக்கு ஒரு காது தொங்கியது. பிளாஸ்டிக்கில் செய்து ரோஸ் வண்ணம் அடித்த பெரிய காது. மடலில் காக்கை ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இதுக்குள்ள," என்றாள் ரேடியோ.

காது டாக்டர் முதலில் வாயைத் திறக்க மறுத்தார். நோயாளியைப் பற்றி வெளியாரிடம் பேசும் பழக்கம் தனக்கு இல்லை என்றார். அந்த நோயாளி தேசத் துரோகக் குற்றச்சாட்டில் உள்ளே இருக்கிறார் என்று கேட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"அவரா? நூலகத்துல வேலை பாக்கறவர் ஆச்சே?"

"நூலகமா?" ரேடியோ பெஞ்சில் உட்கார்ந்தே விட்டாள். "அப்படியா சொன்னார்?"

"ஆமா. காதுல ஊசி மாதிரி ஒரு ரீங்காரம் கேட்குது, வேலை நேரத்துல மட்டும்தான் கேட்குது, வீட்டுல எவ்வளவு முயற்சி பண்ணாலும் கேட்கலைன்னார். நூலகம் அமைதியான இடம், அங்க லேசான இரைச்சல்கூடப் பெரிசாத் தெரியும்னு நான் சொன்னேன். அவருக்கு அது போதலை. வாராவாரம் வந்து சோதிச்சுக்கிட்டார். இங்க ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்பார். இது வேலை பாக்கற இடத்துக்குத் தெரிய வருமான்னு."

"சோதனையில என்ன வந்தது?"

"ஒன்னுமில்லை. காது பிரமாதம். இவ்வளவு சுத்தமான காதை நான் பாத்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அழுதார். நான் மறைக்கறேன்னு நினைச்சாரோ என்னவோ."

"இந்தச் சத்தம் எப்ப ஆரம்பிச்சதுன்னு சொன்னாரா?"

"நூலகத்துல ஏதோ விழா நடந்ததாம். அதுக்கு அப்புறம்னு சொன்னார்."

இன்சூரன்ஸ் ஏற்கெனவே வாசலில் இருந்தார்.

படி இறங்கும்போது ரேடியோ மெதுவாகக் கேட்டாள். "சார், காதுல ரீங்காரம் வந்தா சோனார் வேலை போயிடும், இல்ல?"

"அன்னிக்கே."

"அதான் மறைச்சிருக்கார். துரோகின்னு ஒத்துக்கிட்டாக்கூடப் பரவாயில்லை, செவிடன்னு ஒத்துக்க முடியலை." அவள் பெரிய காதை அண்ணாந்து பார்த்தாள். "ஆனா செவிடும் இல்லையே."

"இல்லை. அதுதான் விஷயம். காது சரியா இருக்குன்னா, சத்தம் நிஜம்."



கப்பல்துறையில் நீர்மூழ்கி கட்டிக் கிடந்தது. அதன் கேப்டன் மெலிந்த மனிதர். பலகை மேல் நடந்து வந்தார். அந்த போனுக்குப் பிறகு சோனார்காரரைச் சந்தேகித்து எழுதிய புகாரில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அட்மிரலும் வந்திருந்தார்.

"விழாவுக்கு அப்புறம் படகுல என்ன மாறிச்சு?" என்று கேட்டார் இன்சூரன்ஸ்.

"ஒன்னும் மாறலை. ஒரு திருகாணிகூட மாத்தலை," என்றார் கேப்டன். "கட்டி முடிச்சதும் சத்தச் சோதனை வெச்சாங்க. நடுக்கடல்ல நின்னு பாத்தவங்க, படகு அங்க இருந்ததே தெரியலைன்னு எழுதிக் கொடுத்தாங்க. அதுக்கப்புறம் விழா. அமைச்சர் வந்தார். கொடி ஏத்தினார். அவ்வளவுதான்."

"அமைச்சர் உள்ள போய்ப் பாத்தாரா?"

கேப்டன் தொண்டையைச் செருமினார். "வாசல் கொஞ்சம் சின்னது. ஏணி செங்குத்தா இருக்கும். அமைச்சர் கொஞ்சம்..."

"அகலம்," என்றாள் ரேடியோ. அவள் பார்வை படகின் முதுகில் நின்ற கோபுரத்தில் இருந்தது. "சார், அங்க பளபளன்னு மின்னுதே, அது என்ன?"

இன்சூரன்ஸ் பலகையில் நடந்து கோபுரத்தருகே போனார்.

பித்தளைத் தகடு. அமைச்சரின் பெயர் பெரிய எழுத்தில். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், படகின் பெயர். நான்கு மூலையிலும் போல்ட். கோபுரம் வளைவு. தகடு தட்டை. நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. விரல் நகத்தை உள்ளே விட்டுச் சுண்டினார். தகடு கிண்ணென்றது.

"உள்ள மாட்டறதாத்தான் இருந்தது," என்றார் கேப்டன் பின்னாலிருந்து. "அவர் ஏணியைப் பாத்துட்டு, இங்கயே மாட்டுங்க, போட்டோவுக்கு நல்லா இருக்கும்னார். அவசரமா ஓட்டை போட்டு மாட்டினோம். அப்புறமா கழட்டிக்கலாம்னு நினைச்சோம்."

"ஏன் கழட்டலை?"

கேப்டன் அட்மிரலைப் பார்த்தார். அட்மிரல் தண்ணீரைப் பார்த்தார்.

"யார் கழட்டறது?" என்றார் கேப்டன்.

ரேடியோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப துரோகி இவர்தான். எங்க போனாலும் தன் பேரைச் சொல்லிக்கிட்டே போயிருக்கார்."

"தண்ணி வேகமா உரசிப் போகும்போது இது அதிருது," என்றார் இன்சூரன்ஸ். "அவங்களுக்கு யாரும் எதுவும் சொல்லலை. அவங்க கேட்டுட்டு வந்தாங்க."

"அது எப்படி? எங்க மத்த ஆளுங்களும் ஹெட்போன் மாட்டறாங்களே, அவங்களுக்குக் கேட்காதா?" அட்மிரலின் குரல் உயர்ந்தது.

பக்கத்தில் நின்ற இளைய சோனார்காரன் ஒருவனின் தலை குனிந்தது. "கேட்டுச்சு சார். நான் விழாவுக்கு அப்புறம்தான் படகுல சேர்ந்தேன். படகோட சத்தமே அப்படித்தான்னு நினைச்சேன். பெரிய சோனார்காரரே எதுவும் சொல்லலை. நாம ஏன் வாயைத் திறக்கணும்னு இருந்துட்டேன்."

"நிரூபிங்க," என்றார் அட்மிரல் இன்சூரன்ஸிடம். அதில் கட்டளையைவிடக் கெஞ்சல் அதிகம்.



சோனார்காரரைக் கூட்டி வந்தார்கள். நாற்பது வயது, சவரம் செய்யாத முகம். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பீரோ அளவிலான சோனார் அறையில் உட்கார வைத்து ஹெட்போனைக் கொடுத்தார்கள். கைகள் தாமாகவே அதை வாங்கி மாட்டிக்கொண்டன. எதற்கு என்று யாரும் சொல்லவில்லை.

வெளியே ஒரு மோட்டார் படகு சுற்றி வந்தது. முதலில் வெறுமனே. பிறகு, கழற்றிய தகட்டை ஒரு மரக்கட்டையில் அதே இடைவெளியோடு மாட்டி, நீண்ட கயிற்றில் தண்ணீருக்குள் இழுத்தபடி.

"முதல் சுத்துல என்ன?" என்றார் கேப்டன்.

"மோட்டார் படகு. ஒரே இன்ஜின். விசிறியில ஒரு இலை வளைஞ்சிருக்கு."

"ரெண்டாவது சுத்துல?"

சோனார்காரரின் நெற்றியில் வியர்வை அரும்பியது.

"அதேதான் சார். வேற ஒன்னும் இல்லை."

அட்மிரல் இன்சூரன்ஸைத் திரும்பிப் பார்த்தார். கேப்டன் கண்ணை மூடிக்கொண்டார். தகடு பாடவில்லை. அப்படியானால் எதிரே உட்கார்ந்திருப்பவர் துரோகி.

"நல்லா கேளுங்க," என்றார் இன்சூரன்ஸ்.

"ஒன்னும் கேட்கலை சார். என் காது நல்லா இருக்கு. டாக்டர்கூடச் சொன்னார்." சொன்ன பிறகுதான் எதைச் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்தது.

ரேடியோ முழங்கையால் இடம் செய்துகொண்டு உள்ளே நுழைந்தாள். "அண்ணே, ஒரு நிமிஷம்," என்று ஹெட்போனை எடுத்துத் தன் தலையில் மாட்டினாள். மோட்டார் படகு மூன்றாவது முறை சுற்றியது.

"ஐய்யோ," என்றாள். "கொசு! கொசு பாட்டுக் கத்துக்கற மாதிரி ஒன்னு. ங்ங்ஙீன்னு. இதோ பக்கத்துல வருது... போயிடுச்சு."

சோனார்காரர் நிமிர்ந்தார். அன்று முதல் முறையாக ஒரு மனித முகத்தைப் பார்த்தார்.

"உனக்கும் கேட்குதா?"

"காது டாக்டர் வீட்டுக் காக்காவுக்கே கேட்கும் அண்ணே."

"நிஜமாவா? கடைசியில கொஞ்சம் மேல ஏறி நிக்குமே, அதுவும் கேட்குதா?"

"ஏறுது. நின்னு, அப்புறம் அறுந்து போகுது."

அவர் முகத்தை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார். நிம்மதியில் அழுகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தபோது அப்படியில்லை என்று தெரிந்தது.

"முதல் நாளே கேட்டுச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். என் வேலை போயிடும்னு நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அந்த ஹெலிகாப்டர் மேல வந்து நின்னப்ப, ஐம்பது பேரும் மூச்சு விடாம இருந்தாங்க. அப்பவும் கேட்டுக்கிட்டே இருந்தது. அப்பவும் சொல்லலை. அவங்க என்னை அடைச்சு வெச்சது சரிதான்."

அந்தச் சின்ன அறையில் யாராலும் யாரையும் பார்க்க முடியவில்லை. கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் சந்தேகப்பட்டு எழுதிக் கொடுத்தேன்," என்றார். "அந்தத் தகட்டுக்குக் கீழதான் தினமும் நடந்து போனேன். அதை அண்ணாந்து பாக்கத் தைரியம் இல்லை. உங்க பேரை எழுத மட்டும் தைரியம் இருந்தது."

அட்மிரல் இருமினார். "வெளியில இது தெரிய வேண்டாம். விடுதலைக்கு நிர்வாகக் காரணம்னு போட்டுக்கலாம். தகட்டைப் பத்திரமா எடுத்து வைங்க. நாளைக்கு அமைச்சர் வந்து எங்கன்னு கேட்டா..."

"கடலுக்கு அடியில இருக்குன்னு சொல்லுங்க," என்றாள் ரேடியோ. "ஏணியில இறங்கிப் பாக்கவா போறார்?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு வருவீங்களா?" என்று கேப்டன் கேட்டார்.

"என்னை நம்பி இறங்குவீங்களா சார்?"

"நீங்க கேட்டதைச் சொல்லுவீங்கன்னா."

"சொல்லுவேன்," என்றார் சோனார்காரர். "கொசு பறந்தாலும் சொல்லுவேன்."



வெயில் சாயும் நேரத்தில் அவரைக் குடியிருப்பில் கொண்டுவிட்டார்கள். மூன்றாவது மாடிக்கு அவர் தனியாகவே ஏறினார். இன்சூரன்ஸும் ரேடியோவும் இரண்டாவது மாடிப் படித் திருப்பத்தில் நின்றுவிட்டார்கள். கதவு திறக்கும் ஓசை மேலிருந்து வந்தது.

செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ம்."

"வியாழக்கிழமை..."

"காது டாக்டர்கிட்ட போனேன். எதுவும் இல்லையாம்."

பிறகு அவள் குரல், உடைந்து. "அந்த போன் பண்ணது நான்தான். நான்தான் உங்களைப் பிடிச்சுக் கொடுத்தேன்."

"கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"நீ பேசினது. குளிக்கப் போறேன்னு உள்ள போனேனே, அப்ப. தண்ணியைத் திறக்கலை. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு."

"தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க? எங்கயாவது போயிருக்கலாமே. என்னை ஒரு அறை அறைஞ்சிருக்கலாமே."

"காதுலதான் கோளாறுன்னு நினைச்சேன்," என்றார் அவர். "நீ அப்படிப் பேசியிருக்க மாட்டேன்னு."

மேலே கதவு நிலையில் ஏதோ சரிந்து உட்காரும் சத்தம். அவள் அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது.

ரேடியோ இன்சூரன்ஸின் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாங்க சார், போலாம்," என்றாள் தாழ்ந்த குரலில். "இதுக்கு மேல நின்னு கேட்டா நமக்குத்தான் அசிங்கம்."